ராணிக்குப் பக்கத்திலேயே டைகரையும் புதைக்கலாமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் இருப்பது புது வண்ணாரப்பேட்டை. மாமனார் கட்டிய பழைய வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு அடிபம்பு, ஒரு முருங்கை மரம். ராணி, டைகர் என்று இரண்டு நாய்கள் வளர்த்தோம். மார்ச் மாதம் ராணி டி.எச். ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரியே என் கணவரும் கொழுந்தனாரும் முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள், இரண்டடி ஆழம் இருக்கும். இப்போது டைகருக்குக் (லேப்ரடார், 12 வயது, 28 கிலோ) கிட்னி இரண்டும் போய்விட்டது, சோறு தண்ணி இறங்கவில்லை, இனிமேல் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். ராணி பக்கத்திலேயே புதைக்க வேண்டும், வாயில்லா ஜீவனை நெருப்பில் போடுவது பாவம் என்று மாமியார் சொல்கிறார். எரிப்பதுதான் சுத்தம் என்பது கணவர் கட்சி. ராணி இருக்கும் இடத்தில் மண் உள்வாங்கி, பெருச்சாளி வேறு வளை போட்டிருப்பதால் அவளையும் தோண்டி எடுத்து இரண்டையும் சேர்த்தே எரித்துவிடலாம் என்கிறார். எட்டு வயதுப் பையன் தினமும் ஸ்கூல் விட்டு வந்து ராணி இருக்கும் இடத்தில் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். எனக்கு எது சரி என்றே தெரியவில்லை. ஒரு நாய்க்கு இவ்வளவு யோசனையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

— பெயர் வேண்டாம், புது வண்ணாரப்பேட்டை

பதில்:

வணக்கம்மா. உங்களுக்கு நேரம் அதிகமில்லை என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். டைகரை எரியூட்டுங்கள். ராணியைத் தோண்டாதீர்கள். டைகரின் சாம்பலைக் கொண்டுவந்து ராணிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வையுங்கள். இப்படிச் செய்தால் மாமியார் கேட்டதும் கிடைக்கும், உங்கள் கணவர் பயப்படுவதும் நடக்காது, பையனுக்கும் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

உங்கள் வீட்டில் பாவம், சுத்தம் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு வாக்குவாதம் நடக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். ஆனால் நான் கேட்பது வேறு கேள்விகள்: மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நாய் எதனால் போனது, கடைசியில் என்ன மருந்து உடம்புக்குள் போனது. இதற்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும், மிச்சம் உங்கள் மனசு. கிராமத்தில் தோட்டத்தோடு வீடு இருக்கிற ஒருவர் இதையே கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் புதையுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உங்கள் இடத்தை எடுத்துக்கொள்வோம். 28 கிலோ லேப்ரடாரைப் புதைக்கக் குழி மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும், ஆழம் நாலடிக்குக் குறையக் கூடாது. நாலடி ஏன் என்றால் உடம்புக்கு மேலே மூன்றடியாவது மண் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வாடை மேலே வரும், தெருநாய் பறிக்கும், பெருச்சாளி வரும், நீங்கள்தான் பார்க்கிறீர்களே. இந்த அளவுக்குத் தோண்டினால் வெளியே வரும் மண் ஒரு டன்னைத் தாண்டும். உங்கள் ஏரியா கடலுக்குப் பக்கம், கீழே போகப் போக மணல், மணலில் குழியின் பக்கம் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும், அதனால் நாலடி ஆழம் போக மேலே இன்னும் அகலமாக வெட்டியாக வேண்டும். மாமனார் காலத்து வீடு என்கிறீர்கள், பின் சுவரின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களில் இரண்டடியோடு முடிந்துவிட்ட அஸ்திவாரமும் உண்டு, அதை ஒட்டி நாலடிப் பள்ளம் வெட்டுவது சுவருக்கே ஆபத்து. ராணிக்கு இரண்டடியோடு நிறுத்தியதற்கு உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரியில், அழுதுகொண்டே, இரண்டு பேர் மண்வெட்டியோடு அதற்கு மேல் போக முடியாது.

அடுத்தது தண்ணீர். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், புதைக்கலாமா என்று யோசிக்கிற எல்லோருக்கும் இது உதவும். கடப்பாரையால் ஒரு சாண் அகலத்துக்கு நாலடி ஆழத்தில் ஒரு துளை போட்டு, மேலே பலகையால் மூடிவிட்டு மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் மின்னினாலோ மண் சேறாக இருந்தாலோ அங்கே புதைப்பது முடிகிற காரியமில்லை. கோடையில் காய்ந்து தெரிகிற துளையிலேயே ஐப்பசி, கார்த்திகையில் இரண்டடிக்குள் தண்ணீர் ஏறிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் தண்ணீர் எங்கே போகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே நின்றது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணுக்குள் தண்ணீர் நின்றால் உடம்பு மக்குவது அப்படியே மந்தமாகிவிடும், ஏனென்றால் மக்குவதற்குக் காற்று வேண்டும். உள்ளே வாயு சேர்ந்து, மேல் மண் தளர்ந்து, பிறகு நடப்பதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் அடிபம்பும் இருக்கிறது. இங்கிலாந்தில் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 50 மீட்டராவது தள்ளித்தான் புதைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் உண்டு. புது வண்ணாரப்பேட்டையில் 50 மீட்டர் தள்ளினால் நாம் அடுத்த தெருவில் யாருடைய சமையல்கட்டிலோ நிற்போம்! ஒரே ஒரு நாயைப் புதைத்ததால் வடசென்னையின் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, அது ஏற்கெனவே என்ன நிலையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. ஆனால் உங்கள் பம்பு மேல்மட்டத் தண்ணீரை எடுக்கிற பம்பு, குழிக்கும் அதற்கும் நடுவே நாலு எட்டு வைத்தால் முடிந்தது, அந்தத் தண்ணீரில் பையன் குளிக்கிறான், பாத்திரம் கழுவுகிறீர்கள். ராணி அங்கே இருப்பதால் இந்த மழைக்காலம் முடியும்வரை அந்தப் பம்புத் தண்ணீரை வாய் கொப்பளிக்கவும் பயன்படுத்தாதீர்கள், கழிவறைக்கும் தரை கழுவவும் போதும்.

இனி மருந்து. டைகருடைய விஷயத்தில் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பதே இதுதான், ஆனால் இதை யாரும் யோசிப்பதில்லை. கருணைக்கொலைக்குப் போடுவது பெரும்பாலும் பார்பிட்யுரேட் வகை மயக்க மருந்து, மயக்க அளவைவிடப் பல மடங்கு அதிகம். பென்டோபார்பிட்டல் இருக்கலாம், தயோபென்டோனோடு வேறு மருந்து சேர்த்தும் போடுவார்கள். நாய் இறந்த பிறகு அந்த மருந்து எங்கும் போய்விடாது, ஈரலிலும் ரத்தத்திலும் அப்படியே நிற்கும். பென்டோபார்பிட்டல் மண்ணிலும் சீக்கிரம் சிதையாது. இந்த மருந்தில் இறந்த குதிரைகளை மக்கவைத்துப் பார்த்தபோது ஒரு வருடம் கழித்தும் உரத்தில் அது இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட உடம்பை ஆழமில்லாத குழியில் வைத்து, அதைத் தெருநாயோ காக்கையோ பருந்தோ கொத்தித் தின்றால் அதுவும் மயங்கிச் செத்துப்போகும். பெருச்சாளி ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருக்கிற ஒரு கொல்லையில் டைகரைப் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்றால் காரணம் இதுதான். நெருப்பில் அந்த மருந்து முழுக்க அழிந்துவிடும்.

இதையே கொஞ்சம் அகலமாகச் சொன்னால் மற்ற வாசகர்களுக்கும் உதவும். நாய் பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் வயிற்றுப்போக்கு நோய்) வந்து இறந்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடமோ அதற்கு மேலோ உயிரோடு இருக்கும், அந்த வீட்டில் அடுத்து ஒரு குட்டியை வளர்க்கும் எண்ணமிருந்தால் எரிப்பதே நல்லது. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் சந்தேகம் இருந்தாலும் அப்படியே. அது நாயின் சிறுநீரில் வெளிவரும், ஈரமண்ணில் பல வாரம் தாக்குப்பிடிக்கும், மனிதருக்கும் ஒட்டும். டைகருக்குக் கிட்னி போனது வயசாலா, இந்த நோயாலா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எதுவாக இருந்தாலும் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துடைத்த இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். நாய் வெறிநாய் அறிகுறிகளோடு இறந்திருந்தால் புதைப்பதா எரிப்பதா என்ற பேச்சே அப்புறம்தான். யாரும் தொடாமல் முதலில் டாக்டருக்குச் சொல்லுங்கள், கடிபட்டவர்களும் எச்சில் பட்டவர்களும் அன்றே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

ராணி விஷயத்துக்கு வருகிறேன். அவள் அடிபட்டு இறந்தவள், உடம்பில் தொற்றும் இல்லை மருந்தும் இல்லை, அதனால் அவள் அங்கே இருப்பதில் பெரிய ஆபத்து கிடையாது. மண் உள்வாங்கியது எதோ தப்பு நடந்ததன் அடையாளம் என்று பயந்திருக்கிறீர்கள். உடம்பு மக்கும்போது உள்ளே இடம் காலியாகும், மேல் மண் கீழே இறங்கும், எல்லாக் குழியிலும் நடப்பதுதான். ஆறு மாதத்தில் தோண்டினால் என்ன இருக்கும் தெரியுமா? எலும்பும் இருக்காது, உடம்பும் இருக்காது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை. தோண்டுகிறவர் உங்கள் கணவர், அவர் ராணியை வளர்த்தவர். அந்தக் காட்சியை அவர் ஆயுசுக்கும் சுமக்க வேண்டாம், ஜன்னல் வழியாகப் பையன் பார்க்கவும் வேண்டாம். பின்னாளில் வீட்டை இடித்துக் கட்டினால் அப்போது எலும்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும், அதை எடுத்து வேறு இடத்தில் வைப்பது எளிது.

இப்போது செய்ய வேண்டியது, மழைக்கு முன்னால் அந்த இடத்தைப் பலப்படுத்துவது. கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு (பெருச்சாளி மூத்திரத்திலும் அதே எலிக்காய்ச்சல் கிருமி உண்டு) வளைக்குள் உடைந்த செங்கல் ஜல்லியைத் திணித்து, மேலே செம்மண் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக இடியுங்கள். சுற்றிலும் இருக்கிற தரையைவிட முக்கால் அடி உயரமாக மேடு கட்டிவிட்டால் மழைத்தண்ணீர் அங்கே தேங்காது. அதன் மேல் மூன்றுக்கு இரண்டடி கடப்பா கல் ஒன்றைப் பதியுங்கள், டைல்ஸ் கடைகளில் ஓரம் உடைந்த கல் மலிவாகவே கிடைக்கும். உப்பும் சுண்ணாம்பும் கொட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கண்டிப்பாக வருவார்கள். இரண்டுமே வாடையைக் குறைக்கும், ஆனால் மக்குவதைத் தாமதப்படுத்தும். கருவாட்டுக்கு நாம் எதற்கு உப்பு போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமியாரிடம் எப்படிப் பேசுவது? நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை, பாவம் இல்லை என்று சான்றிதழ் கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் அவர் கேட்பது என்ன என்பது எனக்குப் புரிகிறது: டைகர் அந்த வீட்டு மண்ணிலேயே இருக்க வேண்டும், எங்கோ ஒரு கொட்டகையில் அநாதையாகப் போய்விடக் கூடாது. அது நியாயம்தான். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட நடுகல் ஒன்றில், இறந்துபோன வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இரண்டு பேரைக் கடித்து அது காவல் நின்றதையும் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1400 வருடத்துக்கு முன்னாலேயே ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் வைத்த ஊர்க்காரர்கள் நாம் (உங்கள் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லலாம்). நடுகல் என்பது உடம்பு இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நினைவுக்கு நடுகிற கல் அது. ராணி மேல் பதிக்கப்போகிற கடப்பா கல்லில் இரண்டு பேர் பெயரையும் வெட்டுங்கள். சாம்பல் அதன் கீழே போகட்டும். எரித்த பிறகு அஸ்தியை மண்ணில் சேர்ப்பதும் புதைப்பதுதானே என்று மாமியாரே சொல்லிவிடுவார் என்பது என் ஊகம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எல்லா மதத்துக்காரர்களும் என்னிடம் நாயைக் கொண்டுவருகிறார்கள். மனுஷருக்கு எது வழக்கமோ அதையே நாய்க்கும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் உண்டு, தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு, யாருக்கும் அதனால் குடி கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எரியூட்டுவது எங்கே என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மூலக்கொத்தளம், காசிமேடு மாதிரி மயானங்கள் மனிதருக்கானவை, அங்கே போய் யாரிடமாவது காசு கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் கேட்காதீர்கள், கடைசி நேரத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் நாயை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும். கொல்லையிலோ மொட்டைமாடியிலோ விறகு அடுக்கி நாமே எரிப்பதும் கூடாது. 28 கிலோ உடம்பு எரிய வேண்டிய சூடு அதில் வராது, பாதியில் நின்றுவிடும், அக்கம்பக்கத்தார் போலீஸுக்குப் போன் செய்வார்கள். செல்லப் பிராணிகளுக்கென்றே இருக்கும் எரியூட்டும் இடங்களுக்குத்தான் போக வேண்டும். வேளச்சேரி ப்ளூ கிராஸில் அந்த வசதி உண்டு, தனியாரும் நடத்துகிறார்கள். நம் பக்கத்திலிருந்து தூரம்தான், பேசின் பிரிட்ஜ் தாண்டவே ஒரு யுகம் ஆகும், அதனால் இன்றைக்கே போன் போட்டு எத்தனை மணிவரை எடுப்பார்கள், முன்பதிவு வேண்டுமா, டாக்டர் சீட்டு கேட்பார்களா என்று விசாரித்து வையுங்கள்.

போனில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: தனியாக எரிப்பார்களா, மற்ற பிராணிகளோடு சேர்த்தா? சேர்த்து எரித்தால் கட்டணம் குறைவு, ஆனால் சாம்பல் உங்களுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் அது டைகருடையது மட்டும் இல்லை. உங்களுக்கு அஸ்தி வேண்டும் என்பதால் தனியாகத்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், கூட நின்று பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். கட்டணம் பெரும்பாலும் நாயின் எடையை வைத்துப் போடுவார்கள். டைகர் அளவு நாய்க்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகலாம், கிடைக்கும் சாம்பல் ஒரு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. வெள்ளை வெளேரென்று, நடுநடுவே சிறு எலும்புத் துண்டுகளோடு இருக்கும், விறகுச் சாம்பல் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய்த் திடுக்கிட வேண்டாம். அது முக்கால்வாசி எலும்பின் சுண்ணாம்புச் சத்து, காரமும் உப்பும் அதிகம், அப்படியே முருங்கை வேரில் கொட்டினால் மரம் வாடும். ஒரு மண் கலயத்தில் போட்டு மூடி ராணிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடியில் வையுங்கள், அதற்கு ஆழம் தேவையில்லை. ஒரு பிடி எடுத்துக் கடலில் கரைக்க ஆசைப்பட்டால் அதுவும் செய்யலாம்.

காசு பெரிய பாரமாக இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வழி உண்டு. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொன்னால் இறந்த பிராணியை வந்து எடுத்துப்போவார்கள். சாம்பல், நினைவிடம் எதுவும் இருக்காதுதான், ஆனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒற்றை ரூம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொறுப்பான வழி வேறு கிடையாது. கோணியில் கட்டிப் பக்கிங்காம் கால்வாயில் போடுவது, ராத்திரியோடு ராத்திரியாகக் கார்ப்பரேஷன் பார்க்கில் தோண்டுவது, திருவொற்றியூர் பக்கம் கடற்கரையில் புதைப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. அலை அரித்து அரித்துக் கல் கொட்டி வைத்திருக்கிற கரை அது, அங்கே புதைத்தது அங்கேயே இருக்காது.

அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முன்னாலேயே தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். முடிந்தால் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், காலை நேரமாக இருக்கட்டும், அப்போதுதான் மாலைக்குள் எரியூட்டி முடிக்கலாம். முதலில் ஒரு மயக்க ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பது போல வாய் திறக்கும், தோல் துடிக்கும், அது உயிர் இல்லை, தசை ஆடுவது. கண் தானாக மூடாது, மூடிவிட்டாலும் திறந்துகொள்ளும். மூத்திரமும் மலமும் வெளியேறும், கீழே பழைய துணி விரித்து வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், அதற்குள் கால்களை மடக்கி, தூங்கும்போது எப்படிச் சுருண்டு படுப்பானோ அப்படி வைத்துவிட்டால் தூக்குவதும் எளிது, பார்க்கவும் கஷ்டமாக இருக்காது. இன்னொன்றும் நடக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்: உடம்பு குளிர ஆரம்பித்ததும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ரோமத்துக்குள்ளிருந்து வெளியே வரும், காது ஓரத்தில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். வெள்ளைத் துணியில் வைத்தால் உடனே கண்ணில் படும், பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பையனை அந்த நேரம் மடியில் நாயோடு உட்கார வைக்காதீர்கள்.

தாமதமாகும் போலிருந்தால் காசிமேட்டில் மீனுக்கு விற்கும் ஐஸை வாங்கி, பாலித்தீன் பையில் கட்டி, வயிற்றை ஒட்டி இரண்டு பக்கமும் வையுங்கள். உடம்பு கெடுவது வயிற்றிலிருந்துதான் தொடங்கும். ஃபேன் மட்டும் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு நிற்காது. சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டியோ புடவையோ போதும். வண்டியில் கொண்டுபோகும்போது அடியில் ஒரு தார்ப்பாய் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எரியூட்டும் இடத்தில் அதை எடுத்துவிட வேண்டும், கழுத்துப் பட்டையும் சங்கிலியும்கூடத்தான். ஆட்டோக்காரர் ஏற்றத் தயங்கலாம், தெரிந்தவரின் குட்டி யானை வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பையனிடம் டைகர் தூங்குகிறான் என்றோ ஊருக்குப் போயிருக்கிறான் என்றோ சொல்ல வேண்டாம். எட்டு வயதுக்கு உண்மை தாங்கும். ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள் என்று கேட்ட பிள்ளைகள் பிறகு தனக்குக் காய்ச்சல் ஊசி என்றாலே அலறியதை நான் பார்த்திருக்கிறேன். டைகரின் கிட்னி நின்றுவிட்டது, இனி சரியாகாது, வலிக்காமல் சாக மருந்து கொடுக்கிறோம், அந்த மருந்து சாகப்போகிற பிராணிக்கு மட்டும்தான் என்று நேராகச் சொல்லுங்கள். எரித்தால் வலிக்குமா என்று கேட்பான், வலிக்காது, உடம்பில் உயிர் இல்லை என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால், டைகர் உயிரோடு இருக்கும்போதே, ஸ்டாம்ப் பேடில் பாதத்தை அழுத்தி ஒரு தாளில் அச்சு எடுக்கட்டும், மை பட்ட பாதத்தை ஈரத்துணியால் அவனே துடைத்துவிடட்டும். கல்லில் பெயர் எழுதும் வேலையையும் அவனிடமே கொடுங்கள், எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், கல்வெட்டுபவர் அதன் மேலேயே வெட்டிவிடுவார்.

டாக்டரிடம் நாள் குறித்துவிட்டால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிட்னி போன நாய்க்கு வாயில் புண்ணும் ஓயாத குமட்டலும் இருக்கும், நாம் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று சொல்கிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு அந்தக் குமட்டலோடுதான் போகும். மாநகராட்சியில் லைசென்ஸ் எடுத்திருந்தால் அவன் இறந்த தகவலைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் திறக்காத சலைன் பாட்டில்களையும் மாத்திரைகளையும் உங்கள் டாக்டரிடம் கொடுத்தால் வாங்க முடியாத வேறொருவர் நாய்க்கு உதவும். போட்டு முடித்த ஊசிகளையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட்டால் காலையில் வருகிற தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.